பண்ணை வீட்டில் எங்கள் ஆட்டுக்கல்

அந்த வீட்டைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் என்னால் முடியாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னைவிடச் சின்னவர்கள் சிலர் இன்றைக்கும் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் குரல் குழைந்துவிடுகிறது. "பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு போவார்களே, கலப்பை, நெல் குதிர், கவலை ஏற்றம் எல்லாம் இருக்குமே, என்ன அழகான வீடு!" என்பார்கள். எனக்கு வயிறு எரியும். நெய்வேலி டவுன்ஷிப் பிள்ளைகளுக்கு அது பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வந்த ஒரு பழைய வீடு. எனக்கு அது என் அம்மாவின் பிழைப்பைத் தரையில் வைத்துச் சிமெண்ட் பூசிய இடம்.

நெய்வேலியிலிருந்து முத்தாண்டிக்குப்பம் போகிற சாலையில் இருந்தது அந்தப் பண்ணை வீடு. நூறு வருஷத்துக்கு மேலே பழசு என்பார்கள். தேக்குத் தூண்கள், நடுவில் முற்றம், நாட்டு ஓடு, பின்னால் நெல் குத்துகிற கொட்டகை. நிலக்கரிச் சுரங்கம் விரிந்தபோது சுற்றியிருந்த நிலமெல்லாம் எடுக்கப்பட்டது. பண்ணைக்காரர் குடும்பம் நஷ்டஈட்டை வாங்கிக்கொண்டு கடலூர் பக்கம் போய்விட்டது. வீடு மட்டும் எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் தப்பித்துக்கொண்டது. அந்தப் பண்ணையில் கூலிக்குப் போய்ப் பிழைத்த எங்கள் தெரு கோட்டுக்கு அந்தப் பக்கம். கூரை வீடுகள், ஒரு புளியமரம், ஒரு அம்மன் கல், அவ்வளவுதான் எங்கள் சரித்திரம். அது இருந்த இடத்தை இப்போது காட்டச் சொன்னால் கையை நீட்ட முடியாது, குனிந்து பள்ளத்தைத்தான் காட்ட வேண்டும். தேக்குத் தூணைக் காப்பாற்ற ஆள் இருந்தது. புளியமரத்துக்கு ஒருத்தரும் வரவில்லை.

என் அம்மா அந்தக் கொட்டகையில் பதினைந்து வருஷம் நெல் குத்தியவள். கொல்லைப்புறக் கதவு வழியாகப் போவாள், அதே வழியாக வருவாள். அந்த வீட்டுச் சமையலறை எந்தத் திசையில் இருந்தது என்றுகூட அவளுக்குத் தெரியாது. யாரும் அவளை உள்ளே விட்டதில்லை, அவளும் கேட்டதில்லை.

தெரு போன பிறகு நாங்கள் மந்தாரக்குப்பத்தில் ஒரு வாடகைக் குடிசைக்கு வந்தோம். அப்பா அதற்கு முன்பே இறந்துவிட்டார். அம்மாவும் நானும்தான். தெருவிலிருந்து கிளம்பும்போது அம்மா மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்த ஒரே கனமான சாமான் எங்கள் ஆட்டுக்கல். கல்யாணமான புதிதில் அவளும் அப்பாவும் திருவதிகைத் தேருக்குப் போய் வாங்கி வந்தது. கரும்பாறை. மூன்று படி அரிசியை ஒரே ஈடாகப் போட்டு ஆட்டலாம். அந்த அளவுக்குப் பெரிய கல் எங்கள் தெருவில் வேறு யாரிடமும் கிடையாது.

அந்தக் கல்லை வைத்துத்தான் அம்மா இட்லிக் கடை போட்டாள். முதல் ஷிப்ட் போகிற கான்ட்ராக்ட் ஆட்கள் விடியும்போது வந்து நிற்பார்கள். பெர்மனன்ட் ஆட்களுக்குக் கேன்டீன் இருந்தது. இவர்களுக்கு எங்கள் அம்மாதான் கேன்டீன். "ஆயா, ரெண்டு இட்லி வெச்சு மேல சாம்பார் ஊத்து" என்று கேட்டுக்கொண்டே அலுமினியத் தட்டை நீட்டுவார்கள். அம்மாவுக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை. "யார்ரா ஆயா? ஒன் பொண்டாட்டிய கூப்புடு ஆயான்னு" என்று கரண்டியை ஓங்குவாள். இட்லி பூப்போல இருக்கும். அது கல்லின் குணம் என்பாள் அம்மா. புதுக்கல்லில் ஆட்டினால் மாவில் மணல் கடிக்கும், அதைப் பழக்கி எடுக்க வருஷமாகும். எங்கள் கல் அம்மாவின் கைக்குப் பழகிப்போன கல்.

எண்பதுகளின் தொடக்கத்தில், டவுன்ஷிப்பில் வேலை பார்த்த சில பெரிய மனிதர்கள் சேர்ந்து ஒரு கமிட்டி போட்டார்கள். தெற்கேயிருந்தும் கோயம்புத்தூர் பக்கமிருந்தும் வேலைக்கு வந்தவர்கள். அவர்கள் பார்க்கிற வேலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆசை. ஊரை விட்டு வந்து குவார்ட்டர்ஸில் இருப்பவர்களுக்குக் கிராமத்தைப் பார்க்க ஆசை வந்துவிட்டது. பண்ணைக்காரரிடம் பேசி வீட்டை வாங்கிக்கொண்டு, "கிராமிய வாழ்க்கைக் காட்சியகம்" என்று போர்டு எழுதினார்கள். கிராமத்தில் வாழ்ந்தவர்கள் நாங்கள் பக்கத்திலேயே, மந்தாரக்குப்பத்துச் சாக்கடை ஓரத்தில், உயிரோடுதான் இருந்தோம். எங்களைப் பார்க்க ஆசை இல்லை. எங்கள் சாமான்களைப் பார்க்கத்தான் ஆசை.

கமிட்டியின் செக்ரட்டரி ஒருநாள் ஸ்கூட்டரில் எங்கள் கடைக்கு வந்தார். திருநெல்வேலிக்காரர். மரியாதையான மனுஷன், அதுதான் எரிச்சலே. கெட்டவனாக இருந்திருந்தால் அன்றைக்கே முகத்துக்கு நேரே திட்டி அனுப்பியிருப்போம். இரண்டு இட்லி சாப்பிட்டார், கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"அம்மா, திறப்பு விழாவுக்கு இந்த மாதிரி ஒரு கல்லு வேணும். அங்க சமையக்கட்டு வெறிச்சுன்னு கெடக்கு. பண்ணைக்காரங்க எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிட்டாங்க. நீங்க குடுத்தீங்கன்னா பெரிய உதவி. லாரி அனுப்புதேன்."

அம்மா யோசிக்கவே இல்லை. எங்கள் பக்கத்தில் விசேஷம் என்றால் ஆட்டுக்கல், அண்டா, பாய், பெஞ்சு எல்லாம் வீட்டுக்கு வீடு இரவல் போகும். கல்யாணத்துக்கு வாங்கிக்கொண்டு போனவர்கள் மறுநாள் திருப்பித் தரும்போது வெறும் கல்லாகத் தரமாட்டார்கள். குழியைக் கழுவி, அதில் ஒரு பிடி அரிசியும் இரண்டு வெற்றிலையும் வைத்துத் தருவார்கள். வாங்கின ஆட்டுக்கல்லைத் திருப்பித் தராத ஆளை நாங்கள் கேள்விப்பட்டதுகூட இல்லை.

"எடுத்துகினு போங்க சார். விசேஷம் முடிஞ்சு மறுநாளே அனுப்பிடுங்க. ஒரு நாள் நான் பக்கத்து வூட்டுல ஆட்டிக்கிறேன்" என்றாள்.

செக்ரட்டரி ஒரு அச்சடித்த தாளை எடுத்தார். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணி, வேலைவாய்ப்பு ஆபீசில் பதிந்துவிட்டு உட்கார்ந்திருந்தவள். "நீங்க படிச்ச பொண்ணு, நீங்க போடுங்க" என்று பேனாவை என்னிடம் நீட்டினார். தாளில் "காட்சியகத்துக்கு அன்பளிப்பாக அளிக்கிறேன்" என்று இருந்தது. படித்தேன். படித்துவிட்டுத்தான் போட்டேன். ஆபீஸ்காரர்கள் தாளில் எதையாவது எழுதுவார்கள், கல் நம்முடையது, மறுநாள் வந்துவிடும் என்று நினைத்தேன். விழாவில் மைக்கில் எங்கள் பெயரைப் படிப்பார்கள் என்று அவர் சொன்னதும் எனக்குப் பிடித்திருந்தது. இதை மறைத்துவிட்டு மற்றவர்களைத் திட்டினால் நியாயமாக இருக்காது.

விழா நாளில் அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டாள். கொல்லைப்புறமாகத்தான் போகத் திரும்பினாள். நான் கையைப் பிடித்து வாசல் வழியாகக் கூட்டிக்கொண்டு போனேன். சமையலறைக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டாள். நடுவில் எங்கள் கல். சுற்றிலும் செங்காவிப் பட்டை அடித்து, மாக்கோலம் போட்டிருந்தார்கள்.

"பார்றி, நான் வராத எடத்துக்கு என் கல்லு வந்து உக்காந்துகினு இருக்குது" என்று என் காதில் சொல்லிச் சிரித்தாள்.

மைக்கில் எங்கள் பெயரைப் படிக்கவில்லை. விளக்கேற்றியவர் பெயர், வீட்டைக் கொடுத்தவர் பெயர், பந்தல் போட்டவர் பெயர்கூட வந்தது. போகட்டும் என்று வடையும் காபியும் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டோம்.

மறுநாள் கல் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. நான்காம் நாள் அம்மாவும் நானும் போனோம். வாட்ச்மேன் எங்கள் தெருக்காரர்தான், அம்மாவை அக்கா என்று கூப்பிடுகிறவர். எங்களைப் பார்த்ததும் தரையைப் பார்த்தார். உள்ளே போய்ப் பார்த்தால் கல்லின் அடிப்பாகத்தைத் தரையோடு சேர்த்துச் சிமெண்ட் வைத்துப் பூசியிருந்தார்கள். பக்கவாட்டில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு நம்பர். குழவியிலும் ஒரு நம்பர். பக்கத்தில் ஒரு அட்டை: "பண்ணை வீட்டுச் சமையலறையில் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்தப்பட்ட ஆட்டுக்கல்."

நான் அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மாவுக்கு முகம் செத்துப்போயிற்று.

"தலமொறையாவா? எவ ஆட்டுனாளாம்? கூப்புடு, பாக்கலாம் அவள."

டவுன்ஷிப்பில் இருந்தவர்களுக்கு இந்த நம்பர் விஷயம் சொல்லாமலே புரியும். அங்கே நாற்காலிக்கு நம்பர், மின்விசிறிக்கு நம்பர், குவார்ட்டர்ஸ் வாசலில் நிற்கிற முருங்கை மரத்துக்குக்கூட நம்பர் போட்டுவிடுவார்கள் என்று நாங்கள் கேலி செய்வோம். கமிட்டி ஆட்கள் அத்தனை பேரும் ரிஜிஸ்தரிலேயே பழகினவர்கள். அதிலும் ஒருவர் ஸ்டோர்ஸில் இருந்தவர், ஸ்டோர்ஸ்காரர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். விளையாட்டுக்கு ஆரம்பித்த காட்சியகத்துக்கும் அவர் ஸ்டாக் ரிஜிஸ்தர் போட்டு, வருகிற பொருளுக்கு என்ட்ரி, போகிற பொருளுக்கு கேட் பாஸ் என்று வைத்துவிட்டார். கலப்பை எங்கே போகப் போகிறது, சொல்லுங்கள்!

செக்ரட்டரி வருத்தமாகத்தான் பேசினார். "ஸ்டாக்கில ஏத்தியாச்சே அம்மா. ஏத்துனதை எடுக்க வழியில்ல. நீங்க இதை வேற மாதிரி நெனைச்சுப் பாருங்க. ஒங்க கல்ல ஆயிரம் பேரு வந்து பாக்காங்க. ஒங்களுக்குப் பெருமைதானே?"

"பெருமைய வெச்சு இட்லி ஊத்த முடியுமா சார்?" என்றாள் அம்மா.

நான் மனு எழுதினேன். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் காலியான மெஷினாகப் பார்த்து உட்கார்ந்து, மூன்று காப்பி எடுத்து, செக்ரட்டரிக்கு ஒன்று, ஸ்டோர்ஸ்காரருக்கு ஒன்று, தலைவருக்கு ஒன்று. "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு பதில் வந்தது. மறுபடியும் எழுதினேன். மறுபடியும் பரிசீலனை. இந்தப் பரிசீலனை நடந்த இரண்டு மாதமும் அம்மா பக்கத்து வீட்டுச் சின்னக் கல்லில், அவர்கள் ஆட்டி முடித்த பிறகு, நாலு ஈடாகப் பிரித்து ஆட்டினாள். தோள்பட்டை வீங்கிப்போயிற்று. மாவு சரியாக வரவில்லை. கான்ட்ராக்ட் ஆட்கள் முதலில் கேலி செய்தார்கள். "என்னா ஆயா, மைன்ஸ்ல வெட்னதையா அவிச்சு வெச்சுகினு இருக்க?" பிறகு கேலியும் இல்லை, ஆட்களும் குறைந்தார்கள். சற்றுத் தள்ளி வேறொருத்தர் கிரைண்டர் மாவில் இட்லி போட ஆரம்பித்திருந்தார்.

அப்போதுதான் செக்ரட்டரிக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல எண்ணத்தில்தான் சொன்னார் என்று வைத்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா காட்சியகத்துக்கு வந்து, கொசுவம் வைத்துப் பழையபடி புடவை கட்டிக்கொண்டு, ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டிக் காட்ட வேண்டும். பார்க்க வருகிறவர்களுக்குத் தத்ரூபமாக இருக்கும்.

எனக்குத் தலைக்கு மேல் கோபம் ஏறிவிட்டது. "எங்கம்மா என்ன பொம்மையா?" என்று கத்தினேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். "வர்றேன் சார்" என்றாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். சூடு சுரணை இல்லையா என்றேன்.

"அடி போடி இவளே. எனக்கு வோண்டியது மாவு. அவனுக்கு வோண்டியது வேடிக்க. கல்லு ஒண்ணுதானே?" என்றாள் கடைசியில்.

அந்த ஞாயிறு அம்மா ஐந்து படி அரிசியையும் உளுந்தையும் ஊறவைத்து எடுத்துக்கொண்டு போனாள். வேடிக்கைக்கு ஒரு பிடி அரிசி போதும் என்று நினைத்திருந்த கமிட்டிக்காரர்கள் விழித்தார்கள். அம்மா கண்டுகொள்ளவே இல்லை. காலை நீட்டி உட்கார்ந்து, கை ஓயாமல் ஆட்டினாள். டவுன்ஷிப் குடும்பங்கள் குழந்தைகளைத் தூக்கிப் பிடித்துக் காட்டின. ஒரு அம்மாள், "எவ்வளவு ரிதமா ஆட்டறாங்க பாரு!" என்றாள். என் அம்மா நிமிர்ந்து பார்த்து, "நாளைக்குக் காலைல மந்தாரக்குப்பம் கடைக்கு வாங்கம்மா, இட்லி கெடைக்கும்" என்றாள். நான் சிரித்துவிட்டேன். சாயங்காலம் இரண்டு தவலை மாவைத் தூக்கிக்கொண்டு வந்தோம். திங்கட்கிழமை இட்லி பழையபடி பூத்தது. போன ஆட்களில் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள்.

மூன்று ஞாயிறு இப்படி நடந்தது. நாலாவது ஞாயிறு ஸ்டோர்ஸ்காரர் பார்த்துவிட்டார். காட்சியகத்திலிருந்து ஒரு பொருள் வெளியே போகிறது, கேட் பாஸ் இல்லை! வாட்ச்மேனைக் கூப்பிட்டுக் காய்ச்சினார்.

வாட்ச்மேன் கேட்டில் எங்களை மறித்துக்கொண்டு நின்றார். பாவம், அழுதுவிடுவார் போலிருந்தது. "அக்கா, தப்பா நெனைக்காத. உள்ள போவும்போது அரிசின்னு எழுதிகினேன். வெளிய வரும்போது மாவா வருது. புக்கு ஒத்துக்க மாட்டேங்குதாம். சார் கையெழுத்து இல்லாம வுடக்கூடாதுன்னு சொல்லிட்டாரு."

"எந்த சார்?"

"செக்ரட்டரி சார். அவரு பண்ருட்டிக்குக் கல்யாணத்துக்குப் போயிட்டாரு. நாளைக்குத்தான் வருவாரு."

அம்மா முதலில் சிரித்தாள். பிறகு கெஞ்சினாள். பிறகு சண்டை போட்டாள். ஸ்டோர்ஸ்காரர் தன் மேஜையிலிருந்து எழுந்து வரவே இல்லை. இரண்டு தவலை மாவும் கேட் அறையில், விசிட்டர் புத்தகம் வைக்கிற மேஜைக்குப் பக்கத்தில் இருந்தது. நாங்கள் வெறுங்கையோடு வந்தோம். மறுநாள் விடியும்போது ஆட்கள் தட்டோடு வந்து நின்றார்கள். அம்மா அவர்கள் முகத்தைப் பார்க்காமல், "இல்லப்பா, இன்னிக்கு இல்ல" என்றாள். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொன்னாள். பத்து மணிக்கு நான் போய்ப் பார்த்தபோது மாவு பொங்கி வழிந்து, விசிட்டர் புத்தகத்தை நனைத்து, தரையெல்லாம் ஈ. அப்போதுதான் ஸ்டோர்ஸ்காரர், "எடுத்துக்கிட்டுப் போம்மா, நாறுது" என்றார். அதற்குக் கேட் பாஸ் கேட்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் நான் செக்ரட்டரியின் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். அவர் மனைவி கதவைத் திறந்து உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை, செக்ரட்டரியைப் பார்த்து நின்றபடியே கேட்டேன்.

"ஒங்க வீட்டு ஆட்டுக்கல்ல தூக்கிக்கினு போய் எங்க குடிசைல வெச்சு, இது எங்க தாத்தா காலத்துக் கல்லுன்னு எழுதி மாட்டட்டுமா சார்? மாட்டுனா சும்மா இருப்பீங்களா? போலீச கூப்புட மாட்டீங்க? கிராமம் கிராமம்னு உருகுறீங்களே, கிராமத்துல ஒருத்தன் வாங்கின சாமானத் திருப்பிக் குடுக்காம இருந்தா என்னா பேரு தெரியுமா? திருட்டுப் பயல்னு பேரு."

அவர் முகம் சிறுத்துப்போனது. உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். நான் குடிக்கவில்லை. டம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"ஒரே ஒரு வழிதான் இருக்கு. ஸ்டாக்கில ஏறுன பொருள் வெளிய போகணும்னா கண்டம் பண்ணணும். உபயோகத்துக்கு லாயக்கில்லன்னு மூணு பேரு கையெழுத்துப் போட்டா ரிஜிஸ்தர்ல கழிச்சிரலாம். கழிச்சதை நீங்க எடுத்துட்டுப் போகலாம். நான் சொல்லுதேன், நீங்க டைப் அடிங்க. கையெழுத்து நான் வாங்கித் தாரேன்."

நான் அதை நம்பினேன். ஜெயித்துவிட்டேன் என்றுகூட நினைத்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு போய், மறுநாள் டைப் அடித்தேன். "மேற்படி ஆட்டுக்கல் தேய்ந்தும், விரிசல் கண்டும், இனி உபயோகப்படுத்த இயலாத நிலையில் உள்ளதால்..." அப்படிப் போனது. அம்மாவிடம் படித்துக் காட்டியபோது அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"விரிசலா? எங்கடி இருக்குது விரிசலு? என் கல்லப் பாத்து எந்த வாயி சொன்னுச்சு? மாத்து அத."

"அம்மா, அது சும்மா எழுதறது. அப்பதான் தருவாங்க."

"போன தடவையும் சும்மாத்தான் கையெழுத்து போட்டன்னு சொன்ன."

நான் மாற்றவில்லை. அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்று வாரத்தில் மூன்று கையெழுத்தும் வந்துவிட்டது. என் மனுக்களுக்கு நகராத பேனா, கல் கெட்டுப்போய்விட்டது என்றதும் ஓடியது.

எடுக்கப் போன அன்று அம்மா மாட்டு வண்டி பேசியிருந்தாள். வண்டியில் வைக்கோல் பரப்பி, மேலே பழைய சாக்கு விரித்திருந்தாள். காட்சியகத்தில் செக்ரட்டரி இருந்தார், ஸ்டோர்ஸ்காரர் ரிஜிஸ்தரோடு இருந்தார், வாட்ச்மேன் இருந்தார், கூலிக்கு வந்த ஒரு ஆள் கடப்பாரையோடு இருந்தார். கடப்பாரைக்காரர் சிமெண்டைக் கொத்தி எடுக்க அரை மணி நேரம் ஆனது. ஒவ்வொரு குத்துக்கும் அம்மா, "பாத்துப்பா, பாத்து, மேல படப்போவுது" என்று பதறிக்கொண்டே இருந்தாள். கல் ஒரு கீறல் இல்லாமல் முழுசாக வெளியே வந்தது. நாலு பேராக உருட்டிக் கொல்லைப்புறத்துக்குக் கொண்டுவந்தோம். அம்மா முந்தானையால் குழியைத் துடைத்தாள். விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தாள். அத்தனை மாதத்துக்குப் பிறகு அவள் முகத்தில் ரத்தம் ஓடியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"குழவி எங்க சார்?" என்றாள்.

"குழவிக்கு வேற நம்பரு. அது கண்டத்துல வரல" என்றார் ஸ்டோர்ஸ்காரர்.

"கல்லு இல்லாத எடத்துல குழவிய வெச்சுகினு என்னா பண்ணுவீங்க?"

அவர் கடப்பாரைக்காரரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அந்த ஆள் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டுச் சுவரோரம் சாத்தியிருந்த சம்மட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். சாதாரணமாகத்தான் நடந்து வந்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வண்டியில் ஏற்றுவதற்கு ஏதோ முட்டுக் கொடுக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

முதல் அடியில் கல் கிண்ணென்றது. அம்மா, "அய்யய்யோ" என்று ஓடினாள். வாட்ச்மேன் அவளைப் பிடித்துக்கொண்டார், சம்மட்டி அவள் மேல் பட்டுவிடும் என்று. இரண்டாவது அடி. மூன்றாவது அடியில் கல் குழியோடு இரண்டாகப் பிளந்து விழுந்தது. உள்பக்கம் பச்சையாகப் புதுக்கல்லாக இருந்தது.

"கண்டம் பண்ண பொருள முழுசா வெளிய அனுப்பக் கூடாதும்மா. ரூலு" என்றார் ஸ்டோர்ஸ்காரர். ரிஜிஸ்தரைத் திறந்து, "துண்டுகள், ரெண்டு" என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.

நான் செக்ரட்டரியைப் பார்த்தேன். அவர் வாய் திறந்திருந்தது. "இந்த ரூல் இருக்கதை நான் மறந்தே போயிட்டேன்" என்றார். தெரிந்தே செய்தாரா, மறந்து செய்தாரா? இரண்டில் எது மோசம் என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை. மறப்பதற்கு அவருக்கு வசதி இருந்தது. அவர் வீட்டில் மறுநாள் காலை இட்லி இருந்திருக்கும்.

"அம்மா, மனசுல வெச்சுக்காதீங்க. கமிட்டியில சொல்லி ஒரு புதுக் கல்லு..." என்று ஆரம்பித்தார்.

அம்மா அவர் பக்கமே திரும்பவில்லை. வாட்ச்மேனின் கையை உதறிவிட்டு வந்து, உடைந்த இரண்டு துண்டையும் ஒன்றோடு ஒன்று சேர்த்து வைத்துப் பார்த்தாள். ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தாளோ என்னவோ. பிறகு எழுந்தாள். கேட் பாஸை நீட்டினார்கள், வாங்கவில்லை. வண்டிக்காரரிடம், "நீ போப்பா" என்றாள். துண்டுகளை அங்கேயே விட்டுவிட்டு, வீட்டுக்குள் புகுந்து, முற்றத்தைத் தாண்டி, முன்வாசல் வழியாகச் சாலைக்கு வந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். செக்ரட்டரியும் எங்கள் பின்னால் வந்தார், "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே.

சாலையோரத்தில் அம்மா திரும்பி நின்றாள். குனிந்து இரண்டு கையாலும் மண்ணை வாரினாள்.

"என் வயித்துல அடிச்சீங்களேடா! பதினஞ்சு வருசம் இந்த வூட்டுக்குக் குத்திக் கொட்டினேன். ஒரு வா தண்ணி உள்ள வந்து குடிச்சதில்ல. கடசீல என் கல்லையும் வாங்கிகினு ஒடச்சுக் குடுக்குறீங்களேடா! நீங்க வெளங்குவீங்களா? இந்த வூடு வெளங்குமா?"

மண்ணை வீசினாள். மறுபடியும் குனிந்தாள்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் இப்படி மண்ணை வாரித் தூற்றிச் சாபம் விடுவதைப் பார்த்தால் எனக்கு எப்போதும் கூச்சமாக இருக்கும். தெருவில் நடந்தால் வீட்டுக்குள் போய்விடுவேன். நான் படித்தவள், மனு எழுதத் தெரிந்தவள், மூன்று காப்பி எடுக்கத் தெரிந்தவள். அன்றைக்கும் அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தத்தான் அவள் பக்கத்தில் போனேன். சாலையில் போன பஸ் ஒன்று வேகத்தைக் குறைத்தது, ஜன்னலெல்லாம் தலை. செக்ரட்டரி, "நீங்களாவது சொல்லுங்கம்மா, படிச்ச பொண்ணு" என்றார்.

நானும் குனிந்து மண்ணை வாரினேன். அவர் வெள்ளைச் சட்டை முழுக்க விழுந்தது. விழட்டும் என்றுதான் வீசினேன்.